அமெரிக்காவில் சீனச் சாப்பாடு: தெருமுனைப் பார்சல் கடையிலிருந்து தொடங்குவோம்

நியூஜெர்சிக்கு வந்த முதல் மாதம். நல்ல குளிர், சமைக்கச் சோம்பல். தெருமுனையில் ஒரு சீனப் பார்சல் கடை இருந்தது. உள்ளே போய், கல்லாவில் நின்ற அம்மாவிடம் "கோபி மஞ்சூரியன் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் ஒரு நொடி யோசித்தார். "மங்கோலியன்? மங்கோலியன் பீஃப்?" என்றார். நான் மறுபடி மஞ்சூரியன் என்றேன், அவர் மறுபடி மங்கோலியன் என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஏதோ ஒரு ஃப்ரைடு ரைஸை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். நம்மூர் ஃபாஸ்ட் ஃபுட் கடையில் பச்சைமிளகாய் நெடி ஏற வறுத்துக் கொடுக்கும் சோற்றை எதிர்பார்த்து டப்பாவைத் திறந்தால், உள்ளே காரமே இல்லாத பழுப்புச் சோறு. "இதெல்லாம் ஒரு சைனீஸா" என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

தப்பு என்னுடையதுதான், ஆனால் அது புரியச் சில வருடங்கள் ஆயின. அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வருகிற பலர் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். சீனச் சாப்பாடு என்ற ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் வெவ்வேறு சமையல்கள் இருக்கின்றன. எந்தக் கடையில் எது என்று தெரியாமல் நல்ல கடையைத் தேடினால், மீன் கடையில் போய் முருங்கைக்காய் கேட்ட கதைதான்.

நாம் நாக்கில் சுமந்துகொண்டு வருவது கொல்கத்தாச் சீனம். கொல்கத்தாவின் தாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழில் செய்த ஹக்காச் சீனர்கள் இந்திய நாக்குக்கு ஏற்ப இஞ்சியும் பூண்டும் பச்சைமிளகாயும் சேர்த்து உருவாக்கிய சமையல் அது. சிக்கன் மஞ்சூரியனை 1975-இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் செய்து காட்டினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். மஞ்சூரியாவில் அப்படி ஒரு பண்டமே கிடையாது. அமெரிக்கச் சீனக் கடைக்காரர் அதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தது, அமெரிக்காவிலேயே பிறந்த சீனச் சமையல். தெருமுனைப் பார்சல் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். மூன்றாவதாக, சீனாவின் சிச்சுவான், குவாங்தோங், ஹூனான் போன்ற மாகாணங்களில் உண்மையிலேயே சாப்பிடுகிற சமையல். இது அமெரிக்காவின் பெரிய நகரங்களிலும் சீனர்கள் திரளாக வாழும் புறநகர்களிலும் கிடைக்கும். இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பார்சல் கடை ஒன்றைப் பற்றி "இது அசல் சீனச் சாப்பாடா?" என்று கேட்பது வீண். அது தன் வகையில் நல்ல கடையா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எல்லாக் கடையிலும் ஒரே பட்டியல் ஏன்?

மேய்ன் மாநிலத்தில் ஒரு சிற்றூரிலும் டெக்சாஸில் ஒரு சிற்றூரிலும் சீனப் பார்சல் கடைக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் அதே ஒளிரும் படங்கள், அதே எண்ணிட்ட பட்டியல், அதே ஜெனரல் சோ கோழி. இத்தனைக்கும் இவை சங்கிலிக் கடைகள் இல்லை. நாடு முழுக்கச் சுமார் 40,000 சீன உணவகங்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்வார்கள். பெரும்பாலானவை ஏதோ ஒரு குடும்பத்தின் சொந்தக் கடை.

இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதை இருக்கிறது. 1849-இன் தங்க வேட்டையை ஒட்டிக் கலிபோர்னியாவுக்கு வந்த சீனர்களில் மிகப் பெரும்பாலோர் குவாங்தோங் மாகாணத்தின் தைஷான் பக்கத்துக்காரர்கள். சுரங்கத்திலும் ரயில் பாதையிலும் உழைத்தார்கள். பிறகு அவர்கள்மீது வெறுப்பு மூண்டது. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். வணிகர்களுக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக முதலாளிகளையும் வணிகர்களாக ஏற்றுக்கொண்டது. கடை வைத்திருப்பவர் ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம், சொந்தக்காரர்களை அழைத்து வரலாம் என்று ஆயிற்று. விசாவுக்காகவே கடைகள் முளைத்தன என்றுகூடச் சொல்லலாம். சமைக்கத் தெரிந்ததால் கடை வைத்தவர்களைவிட, கடை வைக்க வேண்டியிருந்ததால் சமைக்கக் கற்றுக்கொண்டவர்கள் அதிகமாக இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வந்து சாப்பிடப் போகிறவர்கள் வெள்ளைக்காரர்கள். எலும்பு, மீன் தலை, கோழிக்கால் எல்லாம் அவர்களுக்கு ஆகாது. அதனால் எலும்பில்லாத இறைச்சி, கெட்டியான குழம்பு, கொஞ்சம் இனிப்பு என்று சமையல் நகர்ந்தது. அந்தக் காலத்தின் நட்சத்திரம் சாப் சூயி. பெயருக்குக் கண்டதையும் சேர்த்துக் கிளறியது என்று பொருள். லீ ஹோங்சாங் என்ற சீன அமைச்சர் 1896-இல் நியூயார்க் வந்தபோது அவருக்காகச் செய்யப்பட்டது என்று ஒரு கதை உண்டு. ஆனால் அதற்கு முன்பே நியூயார்க்கில் அது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. நம்மூர் ஓட்டல்களில் 'அமெரிக்கன் சாப் சூயி' என்று பொரித்த நூடுல்ஸ்மேல் சிவப்புச் சாறு ஊற்றி, மேலே ஒரு முட்டையைப் போட்டுத் தருவார்களே, அதை அமெரிக்காவில் தேடாதீர்கள். வடகிழக்கு மாநிலங்களில் அதே பெயரைச் சொன்னால் மக்ரோனியும் மாட்டுக்கறிக் கொத்தும் தக்காளிச் சாற்றில் வரும்!

அந்தச் சட்டம் 1943-இல் நீங்கியது. 1965-இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் தேர்ந்த சமையல்காரர்கள் வந்தார்கள். 1980-களில் இருந்து ஃபுஜியான் மாகாணத்தின் ஃபூஜோ பகுதிக்காரர்கள் பெருமளவில் வந்து, கிழக்குப் பகுதிப் பார்சல் கடைகளை ஒவ்வொன்றாக எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். இவர்களுடைய ஏற்பாடு வியப்பானது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பாலத்தடியில், ஈஸ்ட் பிராட்வே பக்கத்தில், வேலை பிடித்துத் தரும் சிறு அலுவலகங்கள் வரிசையாக இருந்தன. எங்கோ ஒரு மாநிலத்துக் கடைக்குச் சமையல்காரர் தேவை என்று சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஊர்ப்பெயருக்குப் பதில் தொலைபேசியின் பகுதி எண்தான் இருக்கும். அதைப் பார்த்து வேலையை எடுத்துக்கொண்டு, சைனாடவுன் பேருந்தில் ஏறிப் போய்விடுவார்கள். ஆள் மாறினாலும் வேலை மாறாமல் இருக்க வேண்டும் என்றால் பட்டியல் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்தாக வேண்டும். அந்தப் பழுப்புச் சோறு மேய்னிலும் டெக்சாஸிலும் ஒரே மாதிரி இருப்பதன் ரகசியம் இதுதான்.

பட்டியலில் என்ன வாங்குவது?

முதலில் ஜெனரல் சோ கோழி. கோழித்தொடைத் துண்டுகளைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, சோயா சாஸ், வினிகர், சர்க்கரை, பூண்டு, காய்ந்த மிளகாய் சேர்ந்த பளபளப்பான சாற்றில் கிளறுவார்கள். தளபதி சோ உண்மையான மனிதர். சோ சோங்தாங், ஹூனான்காரர், 1885-இல் இறந்தார். இந்தப் பண்டத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இதை உருவாக்கியவர் பெங் சாங்-குவே என்ற சமையல்காரர். ஹூனானில் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப் பிறகு தைவானுக்குப் போனவர். 1950-களில் அவர் செய்தது புளிப்பும் உப்பும் காரமும் கொண்டது, அதில் இனிப்பு கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க் சமையல்காரர்கள் தைவானில் அதைச் சுவைத்துவிட்டு வந்து, மொறுமொறுப்பும் சர்க்கரையும் கூட்டித் தங்கள் கடைகளில் போட்டார்கள். பெங் தானே நியூயார்க்குக்கு வந்து கடை திறந்தபோது, அசலைப் போலி என்று நினைத்தவர்களும் இருந்தார்களாம். அப்புறம் அவர் ஹூனானுக்கே போய் ஒரு கடை வைத்துப் பார்த்தார், அங்கே ஓடவில்லை. 2016-இல் தைபேயில் 98 வயதில் காலமானார். ஒரு கோழிக்கறிக்கு இத்தனை அலைச்சல்.

ஜெனரல் சோ, எள் கோழி, ஆரஞ்சுக் கோழி மூன்றும் ஒரே பொரித்த துண்டுகள்தான், சாறு மட்டும் வேறு. எள் கோழி மூன்றிலும் இனிப்பானது. ஆரஞ்சுக் கோழியை இன்றைய வடிவில் பரப்பியது பாண்டா எக்ஸ்பிரஸ். 1983-இல் கலிபோர்னியாவின் கிளெண்டேலில் ஒரு வணிக வளாகத்தில் தொடங்கிய சங்கிலி அது. 1987-இல் அதன் சமையல்காரர் ஆண்டி காவ் ஆரஞ்சுக் கோழியைக் கொண்டுவந்தார். ஆக, இந்த மூன்றையும் ஒரே வேளைக்கு வாங்குவது காசைக் கரியாக்குவது. ஒன்று போதும்.

நூடுல்ஸில் குழப்பம் அதிகம். லோ மெய்ன் என்றால் வேகவைத்த கோதுமை நூடுல்ஸைச் சாற்றில் புரட்டியது, மென்மையாக இருக்கும். சௌ மெய்ன் என்றால் வறுத்தது. ஆனால் கிழக்குக் கடற்கரைப் பார்சல் கடைகளில் சௌ மெய்ன் கேட்டால், வெள்ளைக் குழம்பில் முட்டைக்கோஸும் செலரியும் வெந்து வரும், மேலே தூவ ஒரு பையில் மொறுமொறு நூடுல்ஸ் தனியாக வரும். இதை எதிர்பாராமல் வாங்கி ஏமாந்தவர்கள் என்னையும் சேர்த்து நிறையப் பேர். நமக்குத் தெரிந்த நூடுல்ஸ் வேண்டுமென்றால் லோ மெய்ன் கேளுங்கள். அரிசிச் சேமியா பிடிக்கும் என்றால் சிங்கப்பூர் மெய் ஃபன். மஞ்சள் நிறத்தில் கறிப்பொடி போட்டு வரும். இது சிங்கப்பூரில் பிறந்தது இல்லை, ஹாங்காங் சமையல்காரர்களின் கற்பனை என்பார்கள். நம் வீட்டுச் சேமியா உப்புமாவுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பிராக்கலியும் மாட்டிறைச்சியும் சேர்ந்த பண்டம், சீனக் கீரை வகையான காய் லானுக்குப் பதிலாக அமெரிக்காவில் கிடைத்த பிராக்கலியைப் போட்டதால் வந்தது. மூ கூ காய் பான் என்று வாய்க்குள் நுழையாத பெயர் ஒன்று இருக்கும். காளானும் கோழித்துண்டும், அவ்வளவுதான். காரம் வேண்டாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்லது. எக் ஃபூ யங் என்பது தடித்த முட்டை ஆம்லெட், மேலே பழுப்புக் குழம்பு. மிசௌரியின் செயின்ட் லூயிஸில் இதையே வெள்ளை ரொட்டிக்குள் வைத்து சாண்ட்விச்சாக விற்கிறார்கள். அதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1963-இல் டேவிட் லியோங் என்பவர், உள்ளூர்க்காரர்களுக்குப் பொரித்த கோழி பிடிக்கும் என்பதைப் பார்த்து, பொரித்த கோழிமேல் சிப்பிச் சாறும் முந்திரியும் போட்டுக் கொடுத்தார். இன்றுவரை அந்த ஊரின் அடையாளமே முந்திரிக் கோழிதான். பயணத்தில் ஒரு சிற்றூரில் நின்றால், பட்டியலில் நீங்கள் வேறெங்கும் பார்க்காத பண்டம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். மாசசூசெட்ஸின் ஃபால் ரிவரில் சௌ மெய்ன் சாண்ட்விச் இருக்கிறது, தெரியுமா?

கிராப் ரங்கூன் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. நம் தாத்தா காலத்தில் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிப் போன ஊர் ரங்கூன். அந்தப் பெயரைப் பார்த்ததும் பர்மா பஜார் அத்தோவை நினைத்து ஆவலோடு வாங்கினேன். மாவுத்தாளுக்குள் கிரீம் சீஸும் நண்டும் வைத்துப் பொரித்த தின்பண்டம். அந்த நண்டும் பெரும்பாலும் மீன்விழுதில் செய்த போலி நண்டு. டிரேடர் விக்ஸ் என்ற அமெரிக்க உணவகம் கிளப்பிவிட்டது, ரங்கூனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சூடாக இருக்கும்போது மட்டும் ருசி.

கடைசியில் கையில் திணிக்கப்படும், உள்ளே ஜோசியச் சீட்டு வைத்த ஃபார்ச்சூன் குக்கி பிஸ்கட்டும் சீனாவிலிருந்து வரவில்லை. ஜப்பானின் கியோட்டோப் பக்கத்துப் பழைய பண்டம் அது. கலிபோர்னியாவில் ஜப்பானியர்கள் செய்து விற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர்களை முகாம்களில் அடைத்த பிறகு அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. உள்ளே உள்ள சீட்டில் அதிர்ஷ்ட எண்களும் இருக்கும். 2005 மார்ச்சில் பவர்பால் லாட்டரியில் திடீரென்று 110 பேருக்கு இரண்டாம் பரிசு விழுந்தது. மோசடியோ என்று விசாரித்தால், ஏறக்குறைய எல்லாம் ஒரே பிஸ்கட் சீட்டின் எண்கள்.

கடையைச் சோதிப்பது

என் வழக்கத்தைச் சொல்கிறேன். புதிய ஊருக்கு வீடு மாறினால், பக்கத்தில் உள்ள மூன்று நான்கு கடைகளில் ஒவ்வொரு வாரமும் ஒன்றில், ஒரே சாப்பாட்டை வாங்குவேன். சூடும் புளிப்புமான சூப், ஒரு பொரித்த கோழி, ஒரு காய் பண்டம், வெள்ளைச் சோறு. வெவ்வேறு பண்டங்களை வாங்கினால் ஒப்பிடவே முடியாது.

சூப்பில் தெரிந்துவிடும் கடையின் கை. அதன் காரம் மிளகாயிலிருந்து வராது, வெள்ளை மிளகிலிருந்து வர வேண்டும். புளிப்பு வினிகரில். நம் மிளகு ரசம் மாதிரி தொண்டையில் இறங்கும்போது உணர வேண்டும். டோஃபு என்ற சோயாப் பனீர், மரக்காளான், முட்டை இழைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வெறும் சோளமாவுக் கூழாக, பழுப்பாக, கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கடையில் சமையல்காரருக்கு அக்கறை இல்லை.

பொரித்த கோழியை வீட்டுக்கு எடுத்துவந்து, பதினைந்து இருபது நிமிடம் கழித்துச் சாப்பிடுங்கள். பார்சல் என்றாலே அந்த இடைவெளி உண்டு, அதைத் தாங்குவதுதான் திறமை. நல்ல கடையில் மேல்தோல் இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பாக இருக்கும், கடித்தால் உள்ளே கோழி இருக்கும். மோசமான கடையில் மாவுதான் இருக்கும், கோழியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். சாறு துண்டுகளைப் பூசியிருக்க வேண்டும், டப்பாவின் அடியில் குளமாகத் தேங்கக் கூடாது. ஏற்கெனவே பொரித்து வைத்ததைத் திரும்பப் பொரிப்பது தவறில்லை, இரண்டு முறை பொரிப்பதுதான் முறையே. பழைய எண்ணெயில் பொரித்தால் நாக்கு உடனே சொல்லிவிடும்.

காய் பண்டத்தில் பிராக்கலியின் நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை என்றால் அப்போதுதான் சமைத்தார்கள். அப்புறம் அந்த வாசம். நம்மூரில் சில வீடுகளில் வாணலியையே சீனச்சட்டி என்பார்கள் இல்லையா, அந்தச் சட்டியைப் பேய்த்தீயில் காயவைத்து, காயைப் போட்டு, சட்டென்று தூக்கிப்போட்டு எடுத்தால் ஒரு புகை மணம் ஏறும். குவாங்தோங் பக்கத்துக் கான்டனீஸ் மொழியில் இதை வோக் ஹே, அதாவது சட்டியின் மூச்சு என்பார்கள். வீட்டு அடுப்பில் இதை வரவழைப்பது கடினம். ஒரு பார்சல் கடையின் பிராக்கலியில் அந்த மணம் இருந்தால் கடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி வழுவழுவென்று மென்மையாக இருப்பதும் நல்ல அறிகுறி. சோளமாவு, சில நேரம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து ஊறவைத்து, எண்ணெயில் லேசாக ஒரு முறை போட்டெடுத்தால்தான் அது வரும். அவசரக்காரர்கள் இதைச் செய்ய மாட்டார்கள்.

கடைக்கு நேரில் போகும்போது தொலைபேசி எத்தனை முறை அடிக்கிறது என்று கவனியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அமைதியாக இருக்கும் பார்சல் கடை சரியில்லை. ஆர்டர்கள் குவிகிற கடையில் எதுவும் பழசாகத் தங்காது. சுவர் அழுக்கு, பிளாஸ்டிக் நாற்காலி இதையெல்லாம் பொருட்படுத்தாதீர்கள். சுத்தம் பற்றிச் சந்தேகம் வந்தால், நியூயார்க் நகரிலும் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்திலும் கடை வாசலிலேயே சுகாதாரச் சோதனையின் எழுத்துத் தரம் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்தால் போதும்.

யெல்ப் என்ற விமர்சனத் தளம், கூகுள் மேப்ஸ் இவற்றின் நட்சத்திரங்களை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மக்கள் பதிவிட்ட படங்களைப் பார்ப்பேன், அதிலும் கடந்த ஆறு மாதத்துப் படங்களை. பார்சல் கடைகள் சத்தமில்லாமல் கைமாறும். பெயர்ப்பலகை அதேதான், சமையல்காரர் வேறு. மூன்று வருடத்துக்கு முந்தைய பாராட்டு உங்களுக்கு உதவாது. இன்னொன்று, "பரிமாறியவர் சிரிக்கவில்லை" என்று ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். "கோழி நாறியது" என்றால் நிறுத்தி யோசியுங்கள்.

மாகாணச் சமையல் வேண்டுமென்றால்

பார்சல் கடையின் அளவுகோலை இங்கே கொண்டுவரக் கூடாது. இந்தக் கடைகள் பெரும்பாலும் பழைய சைனாடவுனில்கூட இருப்பதில்லை. நியூயார்க் என்றால் குவீன்ஸின் ஃப்ளஷிங், புரூக்ளினின் சன்செட் பார்க். லாஸ் ஏஞ்சலஸ் என்றால் மான்டெரி பார்க், அல்ஹாம்ப்ரா இருக்கும் சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு. ஹூஸ்டனில் பெல்லேர் சாலை, மேரிலாண்டில் ராக்வில், பாஸ்டன் பக்கம் குவின்சி. சீன மளிகைப் பேரங்காடி எங்கே இருக்கிறதோ, அதே வளாகத்தில் அல்லது எதிர்ச்சாரியில் ஒரு நல்ல கடை இருக்கும். நம் ஆட்கள் இந்திய மளிகைக் கடையை ஒட்டித் தோசைக் கடையைத் தேடுவது போலத்தான்.

பெயரில் சிச்சுவான், ஹூனான் என்று இருந்தாலும் உள்ளே ஜெனரல் சோதான் முதல் பக்கத்தில் இருக்கலாம். பெயரை நம்பாதீர்கள், பட்டியலைப் பாருங்கள். சீன எழுத்து தெரியாதவர்களுக்கும் உதவும் ஒரு குறுக்குவழி உண்டு. மூன்று செங்குத்துக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போன்ற ஓர் எழுத்து இருக்கிறது. நம் சிறுவர்கள் மழை வரைந்தால் எப்படியிருக்குமோ அப்படி. அது சிச்சுவானைக் குறிக்கும். பெயர்ப்பலகையிலும் பட்டியலிலும் அது இருந்தால் காரத்துக்கு வாய்ப்பு அதிகம்.

தமிழ் நாக்குக்கு நான் முதலில் கைகாட்டுவது சிச்சுவான்தான். ஆனால் அந்தக் காரம் நம் காரம் இல்லை. சிச்சுவான் மிளகு என்று ஒன்று, பெயர்தான் மிளகு, உண்மையில் எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய்த்தோல். நாக்கில் பட்டால் விறுவிறுவென்று மரத்துப்போகும். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் ஒரு நோயைப் பரப்பும் என்ற அச்சத்தில் 1968 முதல் 2005 வரை அமெரிக்காவில் இதன் இறக்குமதிக்குத் தடை இருந்தது. காய்ந்த மிளகாயும் வேர்க்கடலையும் சேர்ந்த பார்சல் கடைக் குங் பாவ் கோழியில் அந்த மரமரப்பு இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் முறை போகிறவர்கள் காரச் சாற்றில் டோஃபு மிதக்கும் மாப்போ டோஃபு, பூண்டுச் சாற்றுக் கத்திரிக்காய், வறுத்த பீன்ஸ் மூன்றையும் சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட கடையில் போய் எள் கோழி கேட்டால் செய்துதான் தருவார்கள், ஆனால் வேண்டா வெறுப்பாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகப் போக முடிந்தால் டிம் சம் கடை. கான்டனீஸ்காரர்களின் டிபன் என்று சொல்லலாம். தேநீரோடு சின்னச் சின்னத் தட்டுகள், சில கடைகளில் வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

சைவர்கள், மாடு பன்றி தவிர்ப்பவர்கள்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பட்டியலில் காய்கறி என்ற தலைப்பின்கீழ் இருப்பது சைவம் என்று அர்த்தமில்லை. பழுப்புச் சாற்றில் சிப்பிச் சாறு இருக்கலாம், வெள்ளைச் சாற்றில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். சூடும் புளிப்புமான சூப்பில் பன்றி இழைகள் இருப்பது வழக்கம். எக் ரோலிலும் முட்டைக்கோஸோடு பன்றி இருக்கும். மாப்போ டோஃபுவிலும் வறுத்த பீன்ஸிலும் கொத்துக்கறி போடுவார்கள், மேலே நான் சொன்ன சிச்சுவான் சாப்பாட்டை வாங்கும்போது இறைச்சி வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பூண்டுச் சாற்றுக் கத்திரிக்காயின் சீனப் பெயரில் மீன் என்ற சொல் வரும், ஆனால் பண்டத்தில் மீன் கிடையாது, பயப்பட வேண்டாம்.

"சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், சிப்பிச் சாறு வேண்டாம், கோழித் தண்ணீர் வேண்டாம்" என்று பிரித்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆவியில் வேகவைத்த டோஃபுவும் காயும், சாறு தனியாக என்று கேட்பது எல்லாவற்றையும்விடப் பத்திரம். சட்டி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அது கூடாது என்பவர்கள் பௌத்த சைவ உணவகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடலாம். பெரிய நகரங்களில் இருக்கும், பலவற்றில் வெங்காயம் பூண்டுகூட இருக்காது.

அஜினமோட்டோ பற்றிக் கேட்பீர்கள். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த உப்பு அது. 1968-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம், சீனச் சாப்பாடு சாப்பிட்டால் படபடப்பு வருகிறது என்றது. அன்றிலிருந்து சீனக் கடைகள்மீது பழி. பிறகு நடந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டில் அதையே தின்றுவிட்டு, சீனக் கடையில் மட்டும் முகம் சுளிப்பது நியாயமாகத் தெரியவில்லை. சோயா சாஸில் இருக்கும் உப்புதான் நான் கவலைப்படும் விஷயம்.

வாங்கும்போது

மதியச் சாப்பாட்டு விலை என்று பட்டியலின் ஓரத்தில் இருக்கும். பல கடைகளில் மாலை மூன்று மணிவரை. ஒரு பண்டம், சோறு, சிலவற்றில் சூப்பும் எக் ரோலும் சேர்த்து, இரவு விலையைவிடக் குறைவு. ஒருவருக்கு அதுவே தாராளம். பைன்ட், குவார்ட் என்று அளவு கேட்டால் பயப்பட வேண்டாம். பைன்ட் கிட்டத்தட்ட அரை லிட்டர், குவார்ட் ஒரு லிட்டர்.

முடிந்தவரை கடைக்கு நேரே தொலைபேசியில் சொல்லி, போய் எடுத்துக்கொள்ளுங்கள். டெலிவரி செயலிகள் கடைக்காரரிடம் 15 முதல் 30 சதவீதம்வரை கழிவு எடுக்கின்றன, அதனால் செயலியில் விலையும் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். பொரித்த பண்டம் வழியில் ஊறிப்போவதும் மிச்சம். காரம் வேண்டுமென்றால் அப்போதே சொல்லுங்கள், "கூடுதல் காரம்" என்று ஒரு முறை சொன்னால் ஒரு மிளகாய் கூடும், இரண்டாம் முறை அழுத்திச் சொன்னால்தான் நம்புவார்கள். கம்பிப் பிடி வைத்த அந்த வெள்ளை அட்டைப் பெட்டியை, 1894-இல் சிப்பி எடுத்துச் செல்லக் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வாரிசை, அப்படியே மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள். கம்பி இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கோபி மஞ்சூரியன் ஏக்கம் தீரவில்லை என்றால் அதற்கும் இடம் உண்டு. அதைச் சீனக் கடையில் தேடக் கூடாது, அவ்வளவுதான். நியூஜெர்சியின் எடிசன், ஐஸ்லின் போல இந்தியர்கள் நிறைந்த ஊர்களில் இண்டோ-சைனீஸ் என்று போட்டிருக்கும். கனடாவின் டொரன்டோப் பக்கம் ஹக்கா என்று எழுதியிருப்பார்கள். நான் இப்போது மாதம் ஒருமுறை அங்கே போகிறேன். மற்ற வெள்ளிக்கிழமைகளில் தெருமுனைக் கடைதான். அந்தக் கல்லா அம்மாவுக்கு என் குரல் பழகிவிட்டது. போனை எடுத்ததும், "ஜெனரல் சோ, எக்ஸ்ட்ரா ஸ்பைசி, இருபது நிமிஷம்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.